அத்திப்பழத்துக்கு ஓர் ஓட்டை

ஒரு காட்டில் சொந்தக்காரர் இல்லாத குளம் ஒன்று இருந்தது. யாரும் தண்ணீர் குடிக்கலாம். யாரும் கரையைச் செப்பனிடலாம். முதல் உரிமையை எல்லா விலங்குகளும் பயன்படுத்தின. இரண்டாவதை ஒரு நண்டு மட்டுமே பயன்படுத்தியது. கரையில் வளை தோண்டுவது நண்டுகளின் குலவழக்கம் அல்லவா? ஓட்டைகளைப் பற்றி அதற்குத் தெரியாதது எதுவுமில்லை.

கசிவைக் கண்டு சொல்பவருக்கு ஓர் அத்திப்பழம் தருவதாக நண்டு அறிவித்திருந்தது. தவளை எப்போதாவது வந்து சொல்லும்; பழத்தை வாங்கித் தின்னும். (தவளை பழம் தின்னுமா என்று கேட்காதீர்கள். இந்தத் தவளை தின்னும்.)

மரத்திலிருந்த கிளிகள் இதைக் கவனித்தன. தவளை சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்தன.

"கிழக்குக் கரை! அரைச்சாண் ஆழம்! ஆபத்தான கசிவு!" என்றது ஒரு கிளி.

"மேற்குக் கரை! அரைச்சாண் ஆழம்! மிக ஆபத்தான கசிவு!" என்றது இன்னொன்று.

நண்டு இரண்டு கரைக்கும் ஓடிப் பார்த்தது. ஓர் ஓட்டையும் இல்லை.

"எங்கேயப்பா ஓட்டை? நீ கண்ணால் பார்த்தாயா?"

"பார்ப்பது உங்கள் வேலை அண்ணே! சொல்வது எங்கள் வேலை! பழம் எங்கே?"

பத்து நாளில் நாற்பது கசிவுகள் வந்தன. எல்லாம் அரைச்சாண் ஆழம். ஓடி ஓடி நண்டின் எட்டுக் கால்களும் ஓய்ந்தன.

பதினோராம் நாள் தவளை தாவி வந்தது. "நண்டண்ணே! தெற்குக் கரையில் கசிவு!"

"அரைச்சாண் ஆழம்தானே? போ, போ!"

"ஐயோ, குளம் வடிகிறது! என் பிள்ளைகளுக்கு இன்னும் கால்கூட முளைக்கவில்லை. தண்ணீர் போனால் எங்கே போவார்கள்?"

நண்டு நிமிர்ந்து பார்த்தது. தவளையின் வயிறெல்லாம் சேறு. இரண்டு கைகளிலும் களிமண். இத்தனை நாளில் ஒரு கிளியின் நகத்தில்கூட மண் ஒட்டியிருந்ததில்லை!

நண்டு ஓடியது. சாயங்காலத்துக்குள் இருவரும் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நான்கு விரற்கடைத் தண்ணீர்தான் போயிருந்தது. கடைசி அத்திப்பழத்தைப் பாதிப் பாதியாகத் தின்றார்கள்.

மறுநாள் நண்டு அறிவித்தது: "இனிப் பழம் கிடையாது! ஓட்டை என்று சொல்பவர் கையில் மண்ணோடு வரவேண்டும்!"

"மண்ணா? எங்கள் இறகு என்னாவது?" என்று கிளிகள் கொய்யாத் தோப்புக்குப் பறந்தன. ஒரே ஒரு கிளி மட்டும் அலகு நுனியில் துளிச் சேற்றோடு வந்து நின்றது.

"இது போதுமா அண்ணே?"

"தாராளம்!" என்றது நண்டு.

சில நாளில் தவளைக் குஞ்சுகளுக்குக் கால் முளைத்தது. அவை கரையெங்கும் குதித்ததில் மண் நன்றாக இறுகியது.

குளக்கரையானாலும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்த கணினி மென்பொருளானாலும், பார்க்காமலே பிழை பிழை என்று கூவுகிறவரைவிட, பார்த்துவிட்டு ஒரு பிடி மண்ணோடு வருகிறவரே அதைக் காப்பாற்றுகிறார்.