கடல் பக்கம் சாய்ந்த தென்னை

அந்தக் காலத்தில் தென்னை கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றது. அதற்கு வாயும் இருந்தது, லேசில் மூடாது. பூஞ்சணம்கூடப் பேசியது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கடற்கரைக் குடிசையில் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சுடலை சங்கு குளிக்கப் படகேறினால் ஆறு மாதம் கழித்துத்தான் திரும்புவான். அவள் கொடுத்தனுப்பும் நெத்திலி ஊறுகாய் பத்தே நாளில் பூஞ்சணம் பூத்துப்போகும். போன தடவை எலும்பும் தோலுமாக வந்து இறங்கினான். இந்தத் தடவை உயிரோடு வருவானா என்று அவளுக்குப் பயம்.

வாசல் தென்னையிடம் போய் அழுதாள்.

"என் பிள்ளைகள் மாதக்கணக்கில் கடலில் மிதந்தாலும் அழுகக் கூடாதென்று, பருப்புக்குள் எண்ணெய் வைத்துத்தான் அனுப்புகிறேன்," என்றது தென்னை. "போனதில் ஒன்றைப் பற்றியும் சேதி இல்லை. இப்போது என் தலையில் இருப்பது ஆறே காய். மூன்றை எடுத்துக்கொள். உன் புருஷன் போகிற கரையில் என் பிள்ளை ஏதாவது முளைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வரச் சொல்."

பேச்சி தேங்காயைத் துருவி, பால் பிழிந்து, காய்ச்சி எண்ணெய் எடுத்தாள். ஜாடியில் ஊறுகாய்க்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்க ஊற்றினாள். ஊற்றும்போதே புருஷன் முகம் நினைவுக்கு வந்து, கண்ணீர் பொலபொலவென்று ஜாடிக்குள் விழுந்தது.

நாலாம் நாள் திறந்தால் உள்ளே பூஞ்சணம் சிரித்தது. "எண்ணெய் என்னை உள்ளே விடவே இல்லை. நீதான் ஈரம் கொடுத்துக் கூப்பிட்டாய்!"

தென்னைக்கு வந்ததே கோபம். "அடி பைத்தியக்காரி! அழுகையைக் கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா? என் மூன்று பிள்ளைகள் போச்சே!" கத்தித் தீர்த்தது. பிறகு மிச்சம் மூன்றையும் தானே உதிர்த்துப் போட்டது.

இந்த முறை பேச்சி புது ஊறுகாய் போட்டு, கையை ஈரம் போகத் துடைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணெயை ஊற்றி மூடினாள். படகு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மணலில் உட்கார்ந்து அழுதாள்.

ஆறு மாதமும் இருவரும் கடலையே பார்த்தார்கள். "படகு தெரிகிறதா?" என்பாள் அவள். "இல்லையடி," என்னும் மரம்.

ஒருநாள் சுடலை வந்து இறங்கினான், ஆள் திடமாக. ஜாடியின் அடியில் இன்னும் ஊறுகாய் மிச்சம் இருந்தது, பூக்காமல். பேச்சி அவன் கையை விடவே இல்லை. தென்னைக்குப் பொறுக்கவில்லை.

"என் பிள்ளை?"

"ஒரு தீவில் ஒன்றைப் பார்த்தேன் தாயே. என் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. அதோ, அந்தப் பக்கம்," என்று கடலைக் காட்டினான்.

தென்னை எட்டிப் பார்த்தது. தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அப்போதும் தண்ணீர்தான் தெரிந்தது. ஆனால் நிமிர மனம் வரவில்லை.

அன்று முதல்தான் நாம் ஊறுகாய்க்கு மேல் எண்ணெய் நிற்க ஊற்றுகிறோம், ஈரக் கையால் தொடாதே என்கிறோம். அன்று சாய்ந்த தென்னையோ பேசக்கூட மறந்து, இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.