மேலேறிய மரவட்டை ரயில்

ஒரு காட்டில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நிஜமாகத்தான். அதற்குத் தண்டவாளம் கிடையாது, புகை கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. நீண்ட உடம்புள்ள ஒரு மரவட்டைதான் அந்த ரயில். ஆலமரத்தடியில் புறப்பட்டு, பாறையோரத்துச் சுனை வரைக்கும் போய்த் திரும்பும். வேகமாக நடக்க முடியாத சின்ன உயிர்கள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும்.

தினமும் தவறாமல் ஏறுகிறவள் நத்தை. இரவெல்லாம் ஆலமரத்தடியில் விழுந்த பழங்களைத் தின்பாள். விடிந்ததும் சுனைக்குப் போய் ஈரப்பாசியில் ஒட்டிக்கொள்வாள். அது கடுங்கோடை. வெயில் ஏறுவதற்குள் சுனைக்குப் போகாவிட்டால் உடம்பு காய்ந்து உயிரே போய்விடும். ஊர்ந்து போனாலோ உச்சிப்பொழுது ஆகிவிடும்.

அவளோடு ஏறும் இன்னொருவர் சாணவண்டு. மகா சிடுசிடுப்புக்காரர். தம் சாண உருண்டை இல்லாமல் எங்கேயும் போக மாட்டார்.

அந்தப் பாதையில் ஒரே ஒரு தொல்லைதான். பாதி வழியில் எறும்பு வரிசை ஒன்று குறுக்கே போகும். எறும்புகளிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. தலைபோகிற காரியமானாலும் வரிசையை அறுக்கக் கூடாது.

"கொஞ்சம் வழி விடும்மா," என்று மரவட்டை கெஞ்சும்.

"அதெப்படி விடுறது? நடுவுல நீ காலை வச்சா மோப்பம் கலைஞ்சுடும். பின்னால வர்ற ஆயிரம் பேரும் வழி தெரியாம அலைவாங்க. நில்லு!" என்பாள் எறும்புத் தலைவி.

மரவட்டைக்குப் பயந்த சுபாவம். யாராவது அதட்டினால் உடனே சுருண்டுகொள்ளும். அது சுருண்டால் முதுகில் இருப்பவர்கள் பொத்துப் பொத்தென்று கீழே விழுவார்கள்.

ஒருநாள் வரிசை முடியவே இல்லை. வெயில் ஏறிவிட்டது. நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கிப் போனாள். கூப்பிட்டால் பதில் இல்லை. சாணவண்டு பதறிப்போய், தம் உருண்டையை அப்படியே போட்டுவிட்டு, நத்தையை உருட்டிக்கொண்டே சுனைக்கு ஓடினார். தண்ணீர் பட்டதும்தான் அவள் மெல்லத் தலையை நீட்டினாள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் அவ்வளவுதான்.

அன்று மாலையே கூட்டம் கூடியது. காட்டிலேயே பெரிய அறிவாளி என்று பேர் வாங்கியிருந்த தும்பியார், நான்கு சிறகையும் விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"தரையில ஓடுறதாலதானே இந்தத் தகராறு? ரயிலை மேலே தூக்குங்க! ஆலமரத்துக் கிளையிலேருந்து சுனைக்கரை மரம் வரைக்கும் ஒரு கொடி போகுது பாருங்க, அது மேல ஓடட்டும். எறும்பும் இல்லை, வம்பும் இல்லை!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். எறும்புத் தலைவிக்கும் பரம சந்தோஷம்.

"ஐயா, அவ்வளவு உயரம் நான் எப்படி ஏறுறது?" என்று நத்தை கேட்டாள்.

"இது ஒரு கேள்வியா? விர்ருனு ஒரு எழும்பு. அவ்வளவுதான்!" என்றார் தும்பியார். சிறகு முளைத்த நாளிலிருந்து அவர் ஓர் அடிகூட நடந்ததில்லை, பாவம்.

மறுநாள் மேல்பாதைக்குத் திறப்பு விழா. கொடியின் மேல் மரவட்டை காற்றாய்ப் பறந்தது. தும்பியார் கூடவே பறந்து வந்து, "கண் இமைக்கிற நேரத்துல வந்துட்டோம்! இனிமே ஒரு நொடிகூட நேரம் தவறக் கூடாது!" என்று குதித்தார். தும்பிக்குக் கண் இமையே கிடையாது. அதனால் அது எவ்வளவு நேரம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"நேரமெல்லாம் சரிதாங்க. முதுகுல ஒருத்தரையும் காணோமே," என்றது மரவட்டை.

எப்படி இருப்பார்கள்? விழுதைப் பிடித்து ஏறிய நத்தை கால்வாசி உயரம் போவதற்குள் வெயில் வந்துவிட்டது. மரப்பட்டைப் பிளவு ஒன்றில் ஒடுங்கிப் பகலைக் கழித்தாள். சாணவண்டு உருண்டையை மேலே தள்ளத் தள்ள, அது அவர் தலைமேலேயே வந்து விழுந்தது.

"உருண்டையை விட்டுட்டு வாங்களேன்," என்றார் தும்பியார்.

"அப்புறம் நான் எதுக்குய்யா அங்க வரணும்? உன் மூஞ்சியைப் பார்க்கவா?" என்று சீறினார் சாணவண்டு.

இப்படியே மூன்று நாள் போயிற்று. ரயில் வேகமாகப் போனது, காலியாகவே போனது. நத்தையின் உடம்பு வற்றி, ஓடு வெளுத்துவிட்டது. இன்னொரு பகலை அவளால் தாங்க முடியாது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நத்தையின் கோபம் அல்லவா, வந்து சேர மூன்று நாள் ஆகும்!

நான்காம் நாள் கிழக்கு வெளுக்கும்போது அவள் தும்பியாரைத் தேடிப் போனாள். அவர் புல் நுனியில் உட்கார்ந்திருந்தார். சிறகெல்லாம் பனி.

"ஐயா, இன்னிக்கு நீங்களும் எங்ககூட ரயில் ஏறணும்."

"அதுக்கென்ன, வர்றேன். சிறகு நனைஞ்சு கிடக்கு. வெயில் வந்து காயட்டும்."

"உங்க சிறகு காயுற வெயில்ல என் உசிரு போயிடும். ரயில் இப்பவே புறப்படுது. பாதை போட்டவரே ஏற மாட்டேங்கிறாருன்னு ஊர் சிரிக்கும், பரவாயில்லையா?"

தும்பியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈரச் சிறகோடு விழுதைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். தும்பியின் கால் பற்றிக்கொள்ளத்தான் உதவும், நடக்க உதவாது. ஓர் அடி ஏறினால் இரண்டு அடி வழுக்கினார். சாணவண்டு உருண்டையின் மேல் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

தும்பியார் ஒரு முழம் ஏறுவதற்குள் மேலே மரவட்டை குரல் கொடுத்தது. "புறப்படுறேன்!"

"நில்லு! நில்லு! நான்தான் வந்துக்கிட்டிருக்கேன்!"

"ஒரு நொடிகூட நேரம் தவறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா?" என்று சொல்லிவிட்டு மரவட்டை போயே விட்டது.

தும்பியார் விழுதில் தொங்கியபடி கத்தினார். "போதும்! போதும்! எல்லாம் பழையபடி தரையிலேயே ஓடட்டும்!"

"தரையிலேயே ஓடினா எறும்புகிட்ட மாட்டிக்கிட்டு நான் சாகணும்," என்றாள் நத்தை. "ஐயா, அந்த எறும்பு வரிசை எவ்வளவு அகலம் இருக்கும்?"

"ஒரு பூவரச இலை அகலம்."

"அப்போ ஒரு பூவரச இலை அகலத்துக்கு மட்டும் மேலே தூக்குங்க. மிச்சமெல்லாம் தரையிலேயே இருக்கட்டும்."

தும்பியார் விழுதிலிருந்து வழுக்கி இறங்கி, எறும்புத் தலைவிக்குச் சொல்லி அனுப்பினார்.

சாணவண்டு, வளைந்து காய்ந்த மரப்பட்டை ஒன்றைக் காட்டினார். எறும்புகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து அதைத் தூக்கி வந்து, வரிசைக்கு மேலே பாலம்போலக் கவிழ்த்தன. ஏற்றம் சாண உருண்டை உருளும் அளவுக்குத்தான் இருந்தது. அடியில் வரிசை அறாமல் போயிற்று. "நமக்கு நிழலும் ஆச்சு!" என்று எறும்புத் தலைவி சிரித்தாள்.

மேலே போன மரவட்டையைக் கூப்பிட்டுக் கீழே இறக்கினார்கள். நத்தை ஏறினாள், உருண்டை ஏறியது, சாணவண்டு ஏறினார். பாலத்தில் ஏறி இறங்கி ரயில் சுனையைத் தொட்டபோது, பாறை உச்சியில் அப்போதுதான் வெயில் பட ஆரம்பித்திருந்தது. நத்தை குளிர்ந்த பாசியில் வழுக்கி இறங்கி, இரண்டு கொம்பையும் நீட்டி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

சிறகு காய்ந்து பறந்து வந்த தும்பியார், "என்ன இருந்தாலும் மேல்பாதையைவிட இது மெதுவாத்தான் வருது," என்று முணுமுணுத்தார்.

"மெதுவாத்தான் வந்துச்சு ஐயா," என்றாள் நத்தை. "ஆனா என்னை ஏத்திக்கிட்டு வந்துச்சு."

நீதி: பாதை போடுகிறவர், அதில் போகிறவரின் காலால் அதை அளக்க வேண்டும்.