ஒன்றுக்கு அடுத்து பத்து

“டீச்சர், கம்ப்யூட்டர் என்னைப் பழி வாங்குது,” என்றார் அற்புதராஜ்.

ஐம்பது வயது. டயர் கடை வைத்திருப்பவர். அவர் டீச்சர் என்று கூப்பிடும் ஃபரீதா அவரைவிட இருபது வயது இளையவள். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் விடப்பட்ட பழைய எழுத்துக்களை மின்னூலாக்குபவள். நூலகத்தின் பின்னறைதான் அவள் இடம். மூன்று மாதமாக அவரும் அங்கே அந்த வேலையைக் கற்றுக்கொள்கிறார்.

“இன்னைக்கு என்ன, அண்ணாச்சி? மறுபடியும் கம்ப்யூட்டருக்குக் குடுக்கிற கட்டளையை நகலெடுக்கும்போது, முன்னால சும்மா நிக்கிற டாலர் குறியையும் சேர்த்து ஒட்டிட்டீங்களா?”

அவர் சிரிக்கவில்லை.

“அக்காவுக்குச் செஞ்ச புத்தகம். அத்தியாயமெல்லாம் மாறிக் கிடக்கு.”

அக்கா எஸ்தர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். புற்று. இனி வீடு திரும்ப மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். சின்ன வயதில் பாதியில் விட்டுப்போன ஒரு தொடர்கதையை முடித்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள். அது பன்னிரண்டு கோப்புகளாக இணையத்தில் கிடைத்தது.

“கோப்புக்கெல்லாம் என்ன பேரு வச்சீங்க?”

“நம்பர்தான். ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும்.”

ஃபரீதா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.

1, 10, 11, 12, 2, 3.

“கம்ப்யூட்டர் பேரை எண்ணாப் பார்க்காது. எழுத்தெழுத்தாத்தான் பார்க்கும். முன்னால ஒரு சைபர் போடுங்க. 01, 02.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அத்தியாயத்துக்கு மேல நம்பர் இருந்திருக்குமே?”

“அசிங்கமா இருந்துது. அழிச்சிட்டேன்.”

“திறந்து பார்க்கலியா?”

“அட்டை நல்லா வந்திருந்துது. அந்தச் சந்தோஷத்துல கொண்டு குடுத்துட்டேன்.”

“அக்கா ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னா. ‘கதை தாவுதுடா தம்பி. செத்தவன் எந்திரிச்சு வந்து காப்பி குடிக்கான்’னு.”

“நீங்க?”

“மருந்து மயக்கம்னேன்.” தாளைத் திருப்பி வைத்தார். “டாக்டர்கிட்டயும் சொன்னேன். புத்தி தடுமாறுதுன்னு.”

“அப்புறம்?”

“படிக்கிறதை விட்டுட்டா. ‘மூளையே போயிட்டு, இனி என்னத்தப் படிக்க’ன்னு போனைத் தலகாணிக்கு அடியில வச்சிட்டா.”

ஃபரீதா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்பவே சரி பண்ணித் தந்திருங்க டீச்சர். அவ தூங்கும்போது மாத்தி வச்சிருதேன். அவளுக்குத் தெரியவே வேண்டாம்.”

ஃபரீதா கம்ப்யூட்டரை அணைத்தாள்.

“டீச்சர்!”

மேசை ஓரத்தில் கிடந்த அவருடைய செல்போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“புத்தகம் அப்புறம்.”

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ நாளிதழைப் புரட்டும் சத்தம். பிறகு அக்காவின் எண்ணை அழுத்தினார். வெகு நேரம் மணி அடித்தது.

“சொல்லுடா.”

“அக்கா, உனக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. நான்தான் புத்தகத்தை முன்ன பின்னாக் கோத்துட்டேன்.”



“அப்போ டாக்டர் புதுசா எழுதின அந்த மாத்திரை,” நாக்குக் குழறக் கேட்டாள் எஸ்தர், “அதை இனி முழுங்க வேண்டாம்லா, தம்பி?”