வெள்ளைக் குன்றின் தூண்கள்

ஒரு காட்டில், ஆற்றுக்கு மேலே வெள்ளைக் குன்று ஒன்று இருந்தது. அதன் மண்ணெல்லாம் உப்பு. யானைகளுக்கு உப்பென்றால் உயிர்.

இதைக் கண்டுகொண்ட நரி, முள்ளம்பன்றிகளை அழைத்தது. "நீங்கள் உப்பு மண்ணைத் தோண்டி வெளியே போடுங்கள். நக்க வரும் யானைகள் பழக்கிளைகளை ஒடித்துக்கொண்டு வரட்டும். பங்கிட்டுத் தின்போம்" என்றது.

சடைச்சி என்ற முள்ளம்பன்றியும் அதன் கணவன் கூரனும் முதலில் வந்தன. நரி சொன்னபடியே நடந்தது. குன்றடியில் பலாவும் அத்தியும் குவிந்தன. எங்கெங்கோ இருந்த முள்ளம்பன்றிகள் குடும்பத்தோடு வந்து வளை போட்டன. சடைச்சிக்கு இரண்டு குட்டிகள் பிறந்ததும் அங்கேதான். தோண்டிக் கொட்டிய கழிவு மண் சரிவில் வழிந்து, புல்லையும் கிழங்குக் கொடிகளையும் மூடியது. வயிறு நிறைந்திருந்ததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நாளடைவில் உப்பு தீர்ந்தது. யானைகள் வருவது நின்றது. குன்றுக்குள் கூரையைத் தாங்குவதற்காக விட்டுவைத்த மண் தூண்கள் மட்டுமே மிச்சம்.

"அந்தத் தூண்களில்தான் கெட்டி உப்பு இருக்கிறது. அவற்றையும் எடுங்கள்" என்றது நரி.

"தூணை எடுத்தால் கூரை நிற்குமா?" என்று கேட்டது சடைச்சி.

"ஒன்றும் ஆகாது. அதற்கு நான் பொறுப்பு."

"அப்படியானால் நீங்கள் முதலில் உள்ளே இறங்குங்கள், நரியாரே."

நரி சிரித்தது. "என் நகம் மண்ணுக்கு ஆகாதே, தாயி!"

சடைச்சி கணவனை மறித்துக்கொண்டு நின்றது. "வேண்டாம், போகாதீர்கள்."

கூரன் குட்டிகளைப் பார்த்தது. "நேற்றும் இவை பட்டினி. சுற்றுவட்டாரத்தில் தோண்டித் தின்ன ஒரு வேராவது இருக்கிறதா, சொல்."

சடைச்சி வழிவிட்டு விலகியது. கூரன் மற்றவர்களோடு உள்ளே இறங்கியது.

நடுத்தூண் சாய்ந்ததுதான் தாமதம், குன்றே உள்வாங்கிவிட்டது.

சடைச்சி நகம் பிய்ந்து ரத்தம் வடியும்வரை தோண்டியது. முதலில் உள்ளேயிருந்து முனகல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நரி உடம்பிலிருந்த தூசியை உதறியது. "இங்கே வேலை முடிந்தது. மேற்கே இன்னொரு குன்று பார்த்து வைத்திருக்கிறேன். பிழைத்தவர்கள் வாருங்கள்!"

பசி தாங்காமல் எல்லாம் அதன் பின்னால் போயின. சடைச்சி மட்டும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிழக்கே திரும்பியது. பச்சை கண்ணில் படும்வரை கழிவு மண்ணிலேயே நடக்க வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது அதன் பின்னால் ஒரு குட்டிதான் வந்துகொண்டிருந்தது.

நீதி: தான் இறங்காத குழியில் பிறரை இறங்கச் சொல்பவனை நம்பினால், உயிரும் போகும், ஊரும் போகும்.