துகளுக்கு ஒரு சட்டை

தெய்வநாயகம் பெயிண்ட் தொழிற்சாலையில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய நெறியாளர் மெஹருன்னிசா வயதில் சின்னவர். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குரு என்றால் குருதான்.

வேலை இதுதான்: கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் சட்டை போட வேண்டும். பக்குவம் செய்த துகளைச் சோப்புத் தண்ணீரில் கலந்து, ஸ்டைரீன் விட்டுச் சூடாக்கினால், அது துகள்மேல் படிந்து பிளாஸ்டிக்காக இறுக வேண்டும். இறுகியது, படியத்தான் இல்லை. மைக்ராஸ்கோப் படத்தில் துகள்கள் அம்மணமாக நின்றன. பிளாஸ்டிக் தனியே உருண்டை பிடித்துக் கிடந்தது.

பதிவுக்காலம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. இதுவும் சொதப்பினால் பட்டம் கைவிட்டுப் போகும்.

"இன்னும் கொஞ்சம் சோப்பு சேர்க்கட்டுமா மேடம்?"

"ஏன்?"

"குறைஞ்சா திரிஞ்சிடும். ஃபேக்டரில ஒரு தடவை டேங்கே கட்டிதட்டிப் போச்சு. பட்டவனுக்குத்தான் தெரியும்."

சூடு கண்ட பூனை, பாவம். மெஹருன்னிசா சிரித்தார்.

"மத்தியானம் உங்க பேச்சு இருக்கே. நாற்காலி போட்டாச்சா?"

"நூறு போட்டிருக்கேன். யாரும் நிக்கக் கூடாது பாருங்க."

வந்தது பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் ஃபேனடியில், இருவர் கதவோரம், மற்றவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஈ காக்காய் இல்லை. தெய்வநாயகம் வெறும் நாற்காலிகளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

மெஹருன்னிசா எல்லோரையும் எழுப்பிவிட்டு, நாற்காலிகளை அடுக்கி மூலையில் சேர்க்க ஆரம்பித்தார். மற்றவர்களும் கைகொடுத்தார்கள். மேஜையைச் சுற்றி ஆளுக்கொன்று மட்டும் மிஞ்சியது. வேறு வழியில்லாமல் எல்லோரும் தெய்வநாயகத்தைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள்.

உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"மேடம், மிச்ச சோப்பெல்லாம் தண்ணிக்குள்ள காலி இடம் போட்டு வச்சிருக்கு. ஸ்டைரீன் அங்கயே போய் உக்காந்தா துகள்கிட்ட யார் வருவா?"

"முதல்ல பேச்சை முடிங்க."

மறுநாள் சோப்பைக் குறைத்தார். பயந்தபடி கலவை திரியவில்லை. படத்தில் ஒவ்வொரு துகளும் சட்டை போட்டிருந்தது. சந்தோஷம் தாங்காமல் டிபார்ட்மென்ட் முழுக்க லட்டு கொடுத்தார்.

"அளவை நீங்களே முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?"

மெஹருன்னிசா லட்டைப் பிட்டார்.

"சொல்லியிருக்கலாம். 'எதுக்கும் இருக்கட்டும்'னு மேல ஒரு கரண்டி போட்டிருப்பீங்க."