தரையில் நின்ற தெப்பம்

சுற்றுவட்டார ஏரிகளைக் காக்கும் சங்கத்துக்குத் தலைவி தவமணி. சங்கத்தின் சொத்து ஒரு ஓட்டை ஸ்கூட்டரும் ஊர்க்காரர்களின் மண்வெட்டிகளும்தான். சேர்மன் ரத்தினசபாபதியோ ஏரிக்கு வரும் வாய்க்காலில் சுவர் எழுப்பி, தண்ணீரைத் தன் தோப்புக்குத் திருப்பியவர். தவமணி வாரம் தவறாமல் போய்க் கேட்பாள். அவரும் சளைக்காமல் சொல்வார்: "முதல்ல ஏரியில தண்ணியைக் காட்டும்மா. அப்புறம் சுவரை இடிக்கிறேன்."

ஒருநாள் "சரிங்கய்யா" என்று கும்பிட்டு வந்தவள், ஊரைக் கூட்டிப் பேசினாள். மறுவாரம் ஊரே மேளதாளத்தோடு அவர் வாசலில் நின்றது.

"ஏரியில தெப்பத் திருவிழாங்கய்யா. முதல் மரியாதை உங்களுக்குத்தான்!"

மரியாதை என்றதும் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. பட்டுவேட்டியும் பரிவட்டமுமாகத் தெப்பத்தில் சாமிக்குப் பக்கத்தில் ஏறி நின்றார். கீழே வெடித்த மண். சுற்றிலும் பத்து ஊர் ஜனம்.

"தண்ணி எங்கேம்மா?" என்று பல்லைக் கடித்தார்.

"சாமியும் அதைத்தாங்க கேக்குது. பக்கத்துலதானே நிக்கிறீங்க, நீங்களே சொல்லிடுங்கய்யா."

ஜனம் கொல்லென்று சிரித்தது. சேர்மன் வியர்த்துப்போய்த் தன் ஜேசிபிக்கே போன் போட்டார். சுவர் விழுந்தது. இறங்கப் போனவரைப் பூசாரி தடுத்தார்: "மரியாதை வாங்கினவங்க தெப்பம் மிதக்காம இறங்கக் கூடாதுங்க."

பொழுது சாயும்போது தெப்பம் லேசாக ஆடியது. முதல் ஆளாகக் கை தட்டியவள் தவமணி.