யாரும் இல்லை

ஷெரினிடம் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார் தணிகாசலம். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

திருப்பூரில் ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித்தரும் இணையதளம் ஒன்றை அவள் அவரிடம் ஒப்படைத்திருந்தாள். அவர்கள் பெயர்களெல்லாம் டேட்டாபேஸ் என்ற தனித் தகவல் கிடங்கில் இருந்தன. தளத்துக்கும் அதற்குமான தொடர்பு அடிக்கடி அறுந்தது.

முதல் தடவை அறுந்தபோது, பாஸ்வேர்டு உட்பட அத்தனையும் திரையில் கொட்டியது.

"சாவியை ஊருக்கே கொடுத்திருக்கீங்க சார்" என்றாள் ஷெரின்.

திருத்தினார். அடுத்த தடவை வெறும் வெள்ளைத் திரை வந்தது.

"பார்க்கிறவங்க தங்க போன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. ஏதாவது சொல்லுங்க சார்."

மறுபடி திருத்தினார். "இனிமே எர்ரரே வராது மேடம்" என்றார். ஷெரினுக்கு வேறு வேலை இருந்தது. சரி என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் ஒரு போன். யாரிடமோ ஷெரினின் நம்பரை வாங்கிப் பேசியவர் பெயர் ஜமால். மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

"ஓ நெகட்டிவ் வேணும்மா. உங்க தளத்துல யாரும் இல்லைன்னு போட்டிருக்கு. கோயம்புத்தூர் கொண்டுபோகச் சொல்றாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும்..."

ஷெரின் டேட்டாபேஸை நேரடியாகத் திறந்தாள். நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் வீடு ஜமாலின் மனைவி இருந்த ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில். அவரிடம் பேசிவிட்டு ஜமாலைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"கிளம்பாதீங்க. ஆள் வர்றாங்க."

சாயங்காலம் ஜமால் கூப்பிட்டு, மனைவி கண் திறந்துவிட்டாள் என்றார்.

போனை வைத்துவிட்டு ஷெரின் திரும்பினாள்.

"என்ன சார் எழுதி வச்சீங்க?"

"தொடர்பு அறுந்தா பட்டியலைக் காலின்னு எடுத்துக்கச் சொன்னேன். காலியா இருந்தா யாரும் இல்லைன்னு தானா வந்துடும்."

"நாலு பேர் இருந்தாங்க சார்!"

"மூணு தடவை திரும்ப முயற்சி பண்ணற மாதிரி மாத்திடறேன்."

"மாத்துங்க. மூணு தடவையும் கிடைக்கலைன்னா?"

தணிகாசலம் யோசித்தார். "யாரும் இல்லைன்னு..."

ஷெரின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்களால இப்ப பார்க்க முடியலைன்னு போடுங்க சார். கீழே நம்ம போன் நம்பரைப் போடுங்க."

"அப்படிப் போட்டா ஜனங்க பயந்துட மாட்டாங்களா மேடம்?"

"பயந்தா இன்னொருத்தரைக் கூப்பிடுவாங்க. இல்லவே இல்லைன்னு நம்பிட்டா, யாரைக் கூப்பிடுவாங்க?"